வந்து சேர்ந்த தேதி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆகஸ்ட் 2025 கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன்.)



‘அரசின் நலத்திட்டங்கள் எந்த அளவுக்கு முன்னேறியிருக்கின்றன’ என்று பேசச் சொன்னார்கள். அதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள், கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ‘நீங்கள் பேங்க்கில் பணம் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்தவர், அதனால்தான்’ என்றார் செயலாளர். அது உண்மைதான். 1984ல் கிளார்க்காகச் சேர்ந்து 2020ல் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன் நான். 36 வருடம் கவுண்டருக்கு உள்ளே இருந்தேன். கவுண்டரில் கட்சி பார்த்துப் பணம் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஆகவே இங்கேயும் நான் கட்சி பேசப்போவதில்லை. எந்த அரசு எதைத் தொடங்கியது என்பதை வருடத்தோடு சொல்வேன். பாராட்டுவதும் குறை சொல்வதும் உங்கள் உரிமை.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் கணக்குதான். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். அரசாங்கம் ‘கொடுத்தோம்’ என்று எழுதுகிற பக்கம் நாளிதழில் வந்துவிடுகிறது. ‘வாங்கினோம்’ என்று எழுதுகிற பக்கம் நம் தெருவில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் என் சொந்த வரவைச் சொல்லிவிடுகிறேன். நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா குழித்தறியில் ஆரணிப் பட்டு நெய்தார். கூலி வரும் வாரம் சோறு, வராத வாரம் கூழ். 1956ல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கினார்கள் அல்லவா, அந்தச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படித்தவன் நான். பிறகு 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இன்று என் பேத்தியோடு படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் சாப்பிடுகிறார்கள். அந்த மதியச் சாப்பாடு இல்லையென்றால் நானும் பத்து வயதில் தறியில் நாடா தள்ளப் போயிருப்பேன். ஆகவே ‘இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுந்து வந்துவிடுவேன்.

அடுத்து முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962ல் அது தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2011ல் 1,000 ரூபாய் ஆனது. 2023ல் 1,200 ரூபாய் ஆனது. முன்பெல்லாம் மணியார்டரில் வரும். தபால்காரர் வரும் நாளைத் தாத்தா பாட்டிகள் திண்ணையில் காத்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு வங்கிக் கணக்குக்கு மாறியது. மாறிய காலத்தில் நடந்த ஒன்றை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். எழுபதுக்கு மேல் வயது. அப்போது நான் வேலை பார்த்த கிளையில் நல்ல கூட்டம். பாஸ்புக்கில் அவர் பெயர் ‘அம்மாள்’ என்று முடிகிறது. உதவித்தொகை உத்தரவில் ‘அம்மா’ என்று முடிகிறது. ஒரு ‘ள்’தான் வித்தியாசம். போட்டோ அவருடையது, கைநாட்டு அவருடையது, எதிரில் நிற்பதும் அவர்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘பாட்டி, இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று தாலுகா ஆபீசில் எழுதி வாங்கி வாருங்கள்’ என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. பாஸ்புக்கைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து வந்தார். சான்றிதழை நீட்டி, ‘இப்ப சரியா இருக்குதா பாரு சாமி’ என்றார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அந்த நான்கு மாதப் பணமும் திரும்பிப் போயிருந்தது. மாதம் 1,000 வீதம் 4,000 ரூபாய். சான்றிதழ் வாங்க எத்தனை தடவை பஸ் ஏறினார், யாரிடம் கைமாற்று வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. விதிப்படி நான் செய்ததில் தவறு கிடையாது. அன்று மாலை என் கேஷ் டேலி ஆனது. ஆனால் எழுந்து இரண்டு மேஜை தள்ளி இருந்த மேனேஜரிடம் போய், ‘சார், ஆள் இவர்தான், நான் பொறுப்பு, திருத்திக்கொள்ளலாம்’ என்று சொல்லியிருக்கலாம். அவரும் சம்மதித்திருப்பார். எனக்கு அன்றைக்கு எழுந்திருக்கச் சோம்பல். நடந்தது அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், திட்டம் என்பது கோட்டையில் கையெழுத்தாவதோடு முடிவதில்லை. இப்படி ஒரு ‘ள்’ எழுத்தில் வந்து நின்றுவிடுகிறது. 1985ல் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி, அரசு ஒரு ரூபாய் செலவழித்தால் ஏழைக்குப் போய்ச் சேருவது 15 காசுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2013ல் நேரடிப் பணப் பரிமாற்றம் வந்தது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் கணக்குகள் வந்தன. நடுவில் இருந்த கைகள் குறைந்தன, அது பெரிய முன்னேற்றம். நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் கைகள் குறைந்த இடத்தில் பெயர்ப் பொருத்தம், ஆதார் இணைப்பு, விரல் ரேகை என்று புதிய கதவுகள் வந்து நின்றன. திறக்கத் தெரிந்தவர்களுக்கு அவை கதவு. தெரியாதவர்களுக்குச் சுவர்.

இதற்கு நல்ல உதாரணம் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், காஞ்சிபுரத்தில் தொடங்கினார்கள். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். தொடங்கும்போதே சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்கள். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ‘ஒரு ரூபாய் வந்திருக்குதுண்ணா, மீதி 999 எங்கே?’ என்று நம் தெருப் பெண்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். லெட்ஜரில் கையால் எழுதிய தலைமுறைக்காரன் நான். மாதந்தோறும் ஆயிரம் கோடிக்கு மேல், ஒரு கோடிக் கணக்குகளில், குறித்த நாளில் வரவு வைப்பது சாதாரண வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். பிரேசில் நாட்டில் 2003ல் ‘போல்சா பமீலியா’ என்று ஒரு திட்டம் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கான பணத்தைப் பெரும்பாலும் தாயின் பெயரிலேயே கொடுத்தார்கள். அம்மா கையில் போனால் அடுப்புக்குப் போகும் என்பது உலகம் முழுக்க ஒரே கணக்கு.

ஆனால் நம் தெருவில் என்ன நடந்தது? சிலருக்கு வந்த பணத்தில் வங்கியே கை வைத்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பழைய அபராதத்தைக் கழித்துக்கொண்டார்கள். தமிழ்நாடு முழுக்க இந்தப் புகார் எழுந்தது, அரசும் வங்கிகளை எச்சரித்தது. இந்த வருடம் பொதுத்துறை வங்கிகள் பல அந்த அபராதத்தையே நீக்கிவிட்டன. தாமதம்தான், ஆனாலும் வரவேற்கிறேன்.

இன்னும் சிலருக்குப் பணம் வரவே இல்லை. விசாரித்தால் வந்திருக்கிறது, வேறு கணக்குக்கு! ஆதாரை வைத்து அனுப்பும் பணம், ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தோமோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். எப்போதோ காஸ் மானியத்துக்காகத் திறந்து மறந்துபோன கணக்காக அது இருக்கலாம். நம் சங்கத்து அம்மா ஒருவருக்கு இப்படி ஏழு மாதப் பணம் ஒரு பழைய பாஸ்புக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அரிசிப் பானைக்கு அடியில் இருந்து அதை எடுத்து வந்தார். உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க, செல்போனில் *99*99*1# என்று அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுங்கள். சாதா போனிலேயே தெரியும். இணையம் தேவையில்லை.

அடுத்தது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள். 2023ல் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் சுமார் 57 லட்சம் பேருக்குக் கிடைக்கவில்லை. கார் வைத்திருப்பவர், அரசுச் சம்பளம் வாங்கும் குடும்பம், வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் உள்ளவர்களை விட்டது நியாயம்தான். வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்தாலும் கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது. இது நம் ஊருக்குப் பொருந்துமா என்று யோசியுங்கள். ஒரே மின் இணைப்பில் அண்ணன், தம்பி, விதவைத் தங்கை என்று மூன்று அடுப்பு எரியும் வீடுகள் நம்மிடம் உண்டு. மூன்று குடும்பத்து யூனிட்டையும் ஒரே பெயரில் கூட்டினால் அந்தத் தங்கை பணக்காரி ஆகிவிடுகிறார்! அவர் மேல்முறையீடு செய்யலாம் என்பதே அவருக்குத் தெரியாது. முப்பது நாள் கெடு முடிந்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

இப்போது அவருக்கு ஒரு வழி வந்திருக்கிறது. கடந்த ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களைத் தொடங்கினார்கள். மாநிலம் முழுக்க 10,000 முகாம்கள். கிராமப் பகுதி முகாமில் 15 துறைகளின் 46 சேவைகள். விடுபட்ட பெண்கள் உரிமைத் தொகைக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். மனுவுக்கு 45 நாளில் தீர்வு என்று சொல்லியிருக்கிறார்கள். நம் பகுதி முகாமுக்கு அந்தத் தங்கையை நானும் என் மனைவியும் அழைத்துப்போகிறோம். உங்கள் தெருவில் யாராவது இருந்தால் நீங்களும் அழைத்துவாருங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

ரேஷன் கடை விஷயத்தில் என் கதை ஒன்று. போன மாதம் என் விரல் ரேகையை மெஷின் ஏற்கவில்லை. 36 வருடம் ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டு நோட்டு எண்ணிய விரல், ரேகை எங்கே இருக்கும்? நம் தறிக்காரர்களுக்கும் வயதானால் இதே பாடுதான். மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் சிவப்பு. பின்னால் வரிசை நிற்கிறது. அந்தச் சேல்ஸ்மேன் தம்பி முகம் சுளிக்காமல், ‘ஐயா, கையைத் துடைத்துவிட்டு அடுத்த விரலை வையுங்கள்’ என்று ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லி, மோதிர விரலில் வேலையை முடித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பாட்டி ஞாபகம்தான். சாமானை வாங்கியது நான், பாடம் கற்றதும் நான். ஆகஸ்ட் 12 அன்று ‘தாயுமானவர்’ என்ற பெயரில், 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுவந்து தரும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். நம் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது வந்ததா என்று பார்ப்பது நம் வேலை.

அடுத்து மருத்துவம். என் அண்ணன் 2016ல் தறியில் உட்கார்ந்திருந்தபோதே ஒரு பக்கம் சாய்ந்தார். பக்கவாதம். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தறிக்குழியில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. நோய் தெரிந்தபோது வலது கை போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். பேரன் நெய்வதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார், மாத்திரையும் கொண்டுவந்து தருவார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளியைத் திருச்சி மாவட்டத்தில் பார்த்தார்கள். 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இதெல்லாம் பேப்பரில் வந்த பக்கம். என் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். தன்னார்வலராக வரும் பெண் என் மனைவிக்குப் பிரஷர் பார்த்தபோது 170. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. அன்று தொடங்கிய மாத்திரை இன்று வரை நிற்கவில்லை. என் அண்ணனுக்கு ஐந்து வருடம் முன்னால் அந்தப் பெண் வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

இதிலும் குறை உண்டா? உண்டு. பகலில் அந்தப் பெண் வரும்போது வீட்டில் இருப்பது பெண்களும் கிழவர்களும்தான். நாற்பது வயது ஆண்கள் கிடைப்பதில்லை. தறியில் இருந்தால், ‘அப்புறம் வாம்மா’ என்று அனுப்பிவிடுகிறார்கள். என் அண்ணன் மகனே அப்படித்தான் செய்கிறான்! அவன் அப்பாவுக்கு வந்தது எந்த வயதில் என்று தெரிந்தும் செய்கிறான். இந்த ஆகஸ்டு 2ஆம் தேதி முதல் ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்களில் சனிக்கிழமைகளில் முழு உடல் பரிசோதனை செய்கிறார்கள். தம்பிகளே, ஒரு சனிக்கிழமை கூலி போனால் போகட்டும். நாடா நாளைக்கும் ஓடும்.

பெரிய நோய் வந்தால் காப்பீடு இருக்கிறது. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. இப்போது குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்றுதான். அட்டை எடுப்பதை நோய் வந்த பிறகு தொடங்குகிறார்கள். அடுக்கம்பாறையில் நோயாளி கட்டிலில் இருக்க, மகன் வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடி ஊருக்கு ஓடி வருகிறான். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லாத எண் 1800 425 3993. சாலை விபத்து என்றால் அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். வேலூர்–திருவண்ணாமலை ரோட்டோரம் வாழும் நாம் இதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

கடைசியாக வீடு. 2010ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவோம் என்றார்கள். 2011ல் பசுமை வீடு, 300 சதுர அடி, சூரிய விளக்கோடு 1,80,000 ரூபாய். 2016ல் பிரதமரின் வீட்டு வசதித் திட்டம். 2024ல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, 3,50,000 ரூபாய், 2030க்குள் 8 லட்சம் வீடுகள். பதினைந்து வருடத்தில் தொகையும் பரப்பும் கூடியிருக்கின்றன. ஓலைக் குடிசை நம் பகுதியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். கோடையில் தீ பிடித்த குடிசையிலிருந்து பாவோடு தறியை இழுத்து வெளியே போட்டதெல்லாம் நாங்கள் பார்த்த காட்சி.

நம் தெருவில் கூலிக்கு நெய்யும் ஒரு பெண் இருக்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஓட்டை விழுந்த சீட் வீடு. மழை பெய்தால் முதலில் தறியைத்தான் பிளாஸ்டிக் தாளால் மூடுவார், பிள்ளைகள் அதற்குப் பிறகுதான். பட்டு நனைந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமே! அவருக்குக் கனவு இல்லம் கிடைக்க எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் பட்டா மாமனாரின் அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்து முப்பது வருடம் ஆகிறது. வாரிசுகள் ஒன்பது பேர், அவர்களில் ஒருவர் பெங்களூரில், இன்னொருவருடன் பேச்சுவார்த்தை இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப் பிரிவினை, உட்பிரிவு, பட்டா மாறுதல் என்று ஒன்றன் பின் ஒன்றாக ஓட வேண்டியிருந்தது. நம் சங்கத்தில் மூன்று பேர் சேர்ந்து ஓடினோம். பேசாத அந்தப் பங்காளி வீட்டுக்கு நான்கு தடவை போனோம். நான்காவது தடவை அவர் மனைவி காபி கொடுத்தார். கையெழுத்தும் கிடைத்தது. பட்டா கைக்கு வர 11 மாதம்.

இப்போது அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. சிமெண்டும் கம்பியும் அரசு மூலம் வருகின்றன, அதன் விலை தொகையில் கழிகிறது. மீதிப் பணம் கட்டிடம் உயர உயரத் தவணையாகக் கணக்கில் ஏறும். ஒவ்வொரு நிலையையும் போட்டோ எடுத்த பிறகுதான் அடுத்த தவணை. கையில் காசில்லாத குடும்பம் அந்த இடைவெளியில் கந்து வட்டிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் சமையலறை இருந்தது, தறிக்குழிக்கு இடம் இல்லை. நெசவாளிக்கு வீடு என்றால் அது பட்டறையும் சேர்ந்ததுதான். கொத்தனாரிடம் பேசி முன்னறையில் தறிக்கு இடம் விடச் செய்தோம். இதை அதிகாரிகளிடம் மனுவாகவே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆக, முன்னேற்றம் உண்டா என்றால் உண்டு. 20 ரூபாய் மணியார்டரையும் பார்த்தேன், ஒரே நாளில் ஒரு கோடிப் பேருக்கு வரவு வைத்ததையும் பார்த்தேன். மறுக்க மாட்டேன். ஆனால் அறிவிப்புத் தேதிக்கும் வந்து சேர்ந்த தேதிக்கும் நடுவில் அந்தப் பாட்டிக்கு நான்கு மாதம், பழைய பாஸ்புக் அம்மாவுக்கு ஏழு மாதம், இந்தத் தறிக்காரப் பெண்ணுக்கு 11 மாதம். இவற்றில் பாதிக்கு மேல் அரசாங்கம் பணம் ஒதுக்காததால் வந்த தாமதம் இல்லை. கூட ஒருவர் நின்றிருந்தால் குறைந்திருக்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் அதைப் பிணைத்துவிட்டுத்தான் நாம் மேலே நெய்கிறோம். இதுவும் அப்படிப்பட்ட வேலைதான்.

அதனால் ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 11.30 வரை சங்க அறையில் நான் உட்காருகிறேன். படிவம் நிரப்ப, பாஸ்புக் பார்க்க, மனு எழுத யார் வேண்டுமானாலும் வரலாம். காசு கிடையாது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் எனக்குத் துணைக்கு வேண்டும். ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், பழைய லெட்ஜர் மாதிரி. அதில் ஐந்து கட்டங்கள்: பெயர், என்ன உதவி, விண்ணப்பித்த தேதி, ஒப்புகை எண், வந்து சேர்ந்த தேதி. ஆதார் எண்ணை மட்டும் அதில் எழுத மாட்டேன், பயப்பட வேண்டாம். ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கும் பெயர்களை மாதம் ஒரு முறை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நாலு பேர் போவோம். சண்டை போட வேண்டாம். அதிகாரிகளுக்கும் வேலைப்பளு உண்டு, அது எனக்குத் தெரியும். பட்டியலைக் காட்டி, எங்கே நிற்கிறது என்று கேட்டால் போதும். அங்கே இருப்பவரும் என்னைப் போல ஒரு கிளார்க்தான். எழுந்து இரண்டு மேஜை தள்ளிப் போக அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணமாக நாம் போய் நிற்போம்.

நோட்டின் முதல் வரியில் மின் கட்டணத்தால் விடுபட்ட அந்தத் தங்கையின் பெயரை எழுதிவிட்டேன். நான்கு கட்டத்தை நிரப்ப முகாமுக்குப் போகிறோம். ஐந்தாவது கட்டம் நிரம்பியதும் அடுத்த இதழில் உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.